யமஹா எஃப்ஜே1200 (1992): எக்ஸாஸ்ட் முழுக்க மாற்றவேணும் – ஸ்டட், நாலுக்கு-ஒன்று, ஜெட்டிங்

ஈலிங்_ரைடர்
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1992 எஃப்ஜே1200, ஏபிஎஸ் இல்லாத மாடல், இங்கிலாந்தில் ஓடுறது. என்ஜினுக்குக் கீழே நாலு பைப்பும் சேருற பெட்டியின் அடிப்பக்கம் உக்கிப்போச்சு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளுக்குப் போகுது. இடது சைலன்சரின் முன் வளைவிலும் துரு வெளியே வந்திட்டுது. ஹெட்டிலிருந்து கீழே வளைஞ்சு வாற பெண்ட் பைப்புகள் மேல்பக்கம் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. ஹெட்டில் இருக்கிற எட்டு நட்டும் துருவில் உருண்டையாகி, ஸ்டட்டின் (ஹெட்டில் முறுக்கி நிற்கிற மரைக்கம்பி) மரையே தெரியேல்லை.

பெட்டியை மட்டும் வெட்டி ஒட்டு வைக்கலாமோ, அல்லது ஸ்டெயின்லஸ் நாலுக்கு-ஒன்று செட் (நாலு பைப்பும் ஒரே சைலன்சருக்குப் போறது) வாங்குறது நல்லதோ? நட்டுகளை முறிக்காமல் எப்படிக் கழட்டுறது? மாற்றினால் கார்ப்பில் (கார்புரேட்டர்) கைவைக்க வேணுமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பெண்ட்பைப்
முதலில் பெட்டி ஏன் போகிறது என்று பார்த்துவிடுவோம். முடிவு அதில்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பைப் முழுக்கச் சூடானால் அது அப்படியே போய்விடும். பத்து நிமிட ஓட்டத்தில் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ட் பைப் சூடாகிவிடுகிறது, ஆனால் கீழே இருக்கும் பெட்டியும் சைலன்சரும் ஆறியே கிடக்கின்றன. ஆவி அங்கே தண்ணீராகி, எரிந்து வரும் புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தேங்குகிறது. வெளியே குளிர்காலச் சாலை உப்பு, உள்ளே இந்த அமிலத் தண்ணீர். இரண்டு பக்கமும் தின்றபின் நடுவில் தகடு என்று எதுவும் மிஞ்சாது.

அதனால் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்த இடத்தைச் சுற்றி இன்னும் இரண்டு மூன்று அங்குலத்துக்குத் தகடு காகிதம் மாதிரிதான் இருக்கும். வெல்டிங் வைத்தால் ஆர்க் பட்ட இடமெல்லாம் புது ஓட்டை விழும். பெட்டி அடிப்பக்கத்தை முழுக்க வெட்டி எடுத்து, 1.5 மிமீ தகட்டில் புது அடி வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒட்டு வேலை சரி. எப்படியும் எல்லாவற்றையும் கழட்டித்தான் அதைச் செய்ய வேண்டும். கழட்டுவதே இந்த வேலையில் முக்கால் பங்கு. அவ்வளவு பாடுபட்டு பழைய மைல்ட் ஸ்டீலையே திரும்ப மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்கார்பரோ_எஃப்ஜே
பழைய ஒரிஜினல் செட் எங்காவது கிடைத்தால் அதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஜேயின் ஒரிஜினல் நாலுக்கு-இரண்டு எடை அதிகம், ஆனால் சத்தம் குறைவு, நடு வேகத்தில் இழுவை சீர். ஒரு நாளைக்கு 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த அமைதி பெரிய விஷயம். பழைய செட் வாங்கும்போது படத்தில் பளபளக்கும் குரோமை நம்ப வேண்டாம். பெட்டியின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே சல்லடை கழன்று உருளும் சத்தம் வரக்கூடாது. பெட்டி முழுக்க ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள்: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் மொத்தென்று கேட்கும்.

புது ஸ்டெயின்லஸ் செட் என்றால் ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கும். நன்றாக ஒட்டினால் அது 409 மாதிரியான குறைந்த குரோமிய ரகம். அதுவும் மைல்ட் ஸ்டீலைவிடப் பல மடங்கு மேல்தான், ஆனால் உப்பில் மேலே பழுப்பு ஏறும். விலையில் அந்த வித்தியாசம் இருக்க வேண்டும்.

ஈலிங்_ரைடர்
நன்றி அண்ணா. அப்ப நாலுக்கு-ஒன்று ஸ்டெயின்லஸ் எண்டு முடிவெடுக்கலாம். இனி நட்டுகள்தான் பயமா இருக்கு.

பெண்ட்பைப்
பயம் இருக்கட்டும், அவசரம்தான் வேண்டாம். ஸ்டட் முறிவது அவசரத்தில்தான்.

ஃபேரிங்கின் கீழ்ப்பாகங்களைக் கழட்டுங்கள். ஆயில் கூலர் முன்னால் வழியை மறித்தால் அதன் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, ஹோஸைத் திறக்காமல் முன்னே நகர்த்தி ஒரு துணியில் தொங்கவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கை எடுத்து வேறு அறையில் வையுங்கள். சூடு காட்டப்போகிறோம், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு ஸ்டட்டின் நுனியையும் நட்டையும் உலோகம் தெரியத் தேயுங்கள். துரு மேலே மூடியிருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. ஊடுருவும் எண்ணெயைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என நான்கைந்து நாள் விடுங்கள். ஃப்ளேஞ்சின் (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தகடு) பின்புறம், ஸ்டட் ஹெட்டுக்குள் போகும் இடத்திலும் விட வேண்டும். இடையில் ஒன்றிரண்டு தடவை என்ஜினைச் சூடாக்கி ஆறவிடுங்கள். ஆறும்போது மரை எண்ணெயை உள்ளே இழுக்கும்.

எம்8 ஸ்டட்டுக்கு 12 மிமீ நட். ஆறுமுனை சாக்கெட் மட்டுமே. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையைச் சீவிவிடும். நட் ஏற்கெனவே உருண்டிருந்தால் 11 மிமீ ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் உள்ளே திருகு வரி உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்.

முதல் அசைவு இறுக்கும் பக்கம். ஒரு இம்மி இறுகினால் துருப்பிணைப்பு உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு தளர்த்துங்கள், கால் சுற்று வந்ததும் திரும்ப அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. ரப்பர் மாதிரி மெத்தென்று இழுபட்டுத் திரும்பினால் உடனே நிறுத்துங்கள். ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது, அடுத்தது முறிவுதான்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வந்தால் கவலையே வேண்டாம். எப்படியும் எட்டு ஸ்டட்டும் புதிதாகத்தான் போடப்போகிறோம்.

லெஸ்டர்_பட்டறை
சூடு பற்றி நான் சேர்க்கிறேன். எங்கே காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நட் ஸ்டட்டில் சிக்கியிருந்தால் நட்டைச் சூடாக்க வேண்டும்: சிறிய முனை உள்ள டார்ச்சை நட்டின் பக்கவாட்டில் பிடித்து மங்கின சிவப்பு வரும்வரை, பிறகு சாக்கெட். ஸ்டட் ஹெட்டில் சிக்கியிருந்தால் சூடு சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் ஓட்டை தளரும். 150 டிகிரி அளவில் போதும். அலுமினியம் சிவக்காது, சிவக்கும் என்று காத்திருந்தால் நேராக உருகிவிடும்; சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், ஹெட்டின் கலப்பு உலோகம் அதற்கும் முன்பே. கையில் இன்ஃப்ராரெட் வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சீறிக் கொதித்து உடனே ஆவியானால் போதுமான சூடு.

இண்டக்ஷன் ஹீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே நல்லது. தீ இல்லை, சூடு நட்டில் மட்டும் ஏறும்.

இரண்டு எச்சரிக்கை. தீ காட்டுமுன் ஊடுருவும் எண்ணெயைத் துடைத்து எடுங்கள், அது எரியும். இன்னொன்று இதைவிடக் கடுமையானது: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ வைக்கவே கூடாது. அந்த ஆவி சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். டின்னில் குளோரின் இல்லாதது என்று எழுதியிருந்தாலும் அது எரியக்கூடியது, முழுக்கக் காயட்டும்.

கோவை_லேத்
முறிந்துவிட்டால் என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எட்டில் ஒன்றிரண்டு முறிவது சாதாரணம். அதற்குத் தயாராக இருந்தால் கை நடுங்காது.

ஸ்டட் 3 மிமீக்கு மேல் வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் நிரப்புங்கள். துத்தநாகப் பூச்சு இல்லாத கருப்பு நட் வேண்டும்; பூச்சுள்ளது புகையும், வெல்டும் பிடிக்காது. எம்8 நட்டைவிட எம்10 நட் வசதி, உள்ளே நிரப்ப இடம் இருக்கும். வெல்டு ஆறி, கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு வந்ததும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நட் பிய்ந்துவிட்டால் இன்னொன்று வையுங்கள். ஒவ்வொரு தடவை ஏறும் சூடும் மரையைத் தளர்த்திக்கொண்டே வரும். மூன்று நான்கு நட் போனபின் கழன்று வருவது வழக்கம்தான்.

வண்டியில் வைத்தே வெல்டிங் என்றால் பேட்டரி இரண்டு முனையையும் கழட்டுங்கள், இக்னிஷன் யூனிட்டின் கனெக்டரையும் உருவுங்கள். எர்த் கிளாம்ப் அந்த ஹெட்டிலேயே பக்கத்தில் இருக்கட்டும். எர்த்தை ஸ்விங் ஆர்மில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்கும்.

ஹெட்டோடு மட்டமாகவோ உள்ளேயோ முறிந்தால் ட்ரில்தான் வழி. கையால் குறிவைத்து ட்ரில் போடாதீர்கள். ஸ்டீல் ஸ்டட் கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மெத்து. முனை வழுக்கி அலுமினியத்தில்தான் இறங்கும். லேத்தில் ஒரு கைடு புஷ் கடைந்துகொள்ளுங்கள்: வெளிவிட்டம் 7.9 மிமீ, நடுவில் 3.3 மிமீ ஓட்டை, நீளம் 20 மிமீ. பழைய ஃப்ளேஞ்சின் ஸ்டட் ஓட்டை 8 மிமீக்கு மேல் இருக்குமானால் புஷ்ஷின் விட்டத்தை அதற்கேற்ப இறுக்கமாகக் கடையுங்கள். ஃப்ளேஞ்சை நல்ல ஸ்டட்டில் பிடித்து, முறிந்த ஓட்டையில் புஷ்ஷை வைத்து அதன் வழியாக ட்ரில் போடுங்கள். நடுவும் நேர்கோடும் தானாக வரும்.

முதலில் 3.3, பிறகு 5, பிறகு 6.8. இடச்சுற்று ட்ரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள், பாதி வேலையில் ஸ்டட் தானாகக் கழன்று வருவதுண்டு. நடு தப்பாமல் இருந்தால் 6.8 ஓடியபின் பழைய மரை சுருளாக மிஞ்சும். ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு 1.25 பிட்ச் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சுத்தம் செய்தால் ஒரிஜினல் மரையே கிடைத்துவிடும்.

ஈஸி-அவுட் (முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு அதில் திருகி வெளியே எடுக்கும் கருவி) பற்றி: சூட்டில் வெந்து பிடித்த எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு அதைப் போடவே வேண்டாம். அது கெட்டியான டூல் ஸ்டீல், உள்ளே முறிந்தால் எந்த ட்ரில்லும் இறங்காது. அப்புறம் ஹெட்டைக் கழட்டி ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஈலிங்_ரைடர்
ட்ரில் போடேக்கை தூள் என்ஜினுக்குள்ள போகாதோ?

கோவை_லேத்
நல்ல கேள்வி தம்பி. எந்த சிலிண்டரில் வேலை செய்கிறீர்களோ அதன் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி கிராங்கைக் கையால் சுற்றி வையுங்கள். போர்ட்டுக்குள் (ஹெட்டில் புகை வெளியேறும் வாய்) கிரீஸ் தடவிய துணியை அடையுங்கள். முடிந்தபின் வாக்யூம் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் துணியை உருவ வேண்டும். காற்று அடித்தால் தூள் உள்ளேதான் போகும்.

மரை கெட்டுவிட்டால் ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்: எம்8க்கு 8.3 மிமீ ட்ரில், கிட்டோடு வரும் தனி டேப், 12 மிமீ நீள இன்சர்ட். மேற்பரப்புக்குக் கால் அல்லது அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். நுனி வாலை உடைத்து எடுக்க மறக்காதீர்கள். எஃப்ஜே காற்றுக் குளிர் என்ஜின், போர்ட்டைச் சுற்றி நீர்ப்பை கிடையாது. ஆழம் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கசியும் பயம் இல்லை, ஆனால் ஸ்டட்டின் பழைய ஆழத்தைத் தாண்ட வேண்டிய தேவையும் இல்லை. ட்ரில் பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி ஆழக்குறி வையுங்கள். ஃபின்களில் நெம்புகோல் ஊன்ற வேண்டாம், பிய்ந்து வரும்.

லெஸ்டர்_பட்டறை
புது ஸ்டட்: சாதாரண 8.8 ரக ஸ்டீல் ஸ்டட்டுதான் சரி. ஸ்டெயின்லஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லஸ் நட் போட்டால் சூட்டில் மரையும் மரையும் கவ்விப் பிடித்து, அடுத்த முறை துருப்பிடித்ததைவிட மோசமாக இருக்கும். நட் பித்தளையிலோ செம்புப் பூச்சு உள்ளதோ வாங்குங்கள். அது ஸ்டீலோடு ஒட்டாது.

ஸ்டட்டை ஏற்ற இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டி மேல் நட்டைத் திருப்புங்கள். அடிமரையில் நிக்கல் ஆண்டி-சீஸ் (மரை சிக்காமல் தடுக்கும் பசை) மெல்லிசாக. கையிறுக்கத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அடி தட்டும் அளவுக்கு இறுக்கினால் மேல்மரையில் அலுமினியம் பிதுங்கும்.

பெண்ட்பைப்
இப்போது கேஸ்கெட். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். பழைய கேஸ்கெட் வளையம் போர்ட்டுக்குள் நசுங்கி, கரி படிந்து, ஹெட்டின் பாகம் மாதிரியே தெரியும். "என் வண்டியில் கேஸ்கெட்டே இல்லை" என்று சொல்வார்கள். இருக்கும். கூரான கொக்கியால் உள்விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறமோ தகட்டு விளிம்போ தென்படும். ஓரிடத்தில் நெம்பி உள்பக்கம் மடக்கினால் முழுதாக வரும். அதன்மேல் புதியதை வைத்தால் பைப் ஆழமாக உட்காராது, ஃப்ளேஞ்ச் கோணலாகும், இரண்டே நாளில் ஊதத் தொடங்கும்.

நாலும் புதிது. கொஞ்சம் கிரீஸ் தொட்டு போர்ட்டில் ஒட்டினால் பைப் ஏற்றும்போது விழாது, கிரீஸ் முதல் சூட்டில் எரிந்துவிடும். போர்ட்டில் எக்ஸாஸ்ட் பேஸ்ட் வேண்டாம். பேஸ்ட் கீழே சைலன்சர் நுழையும் இணைப்புக்கு மட்டும்.

மாட்டும் வரிசை:

முதலில் எல்லாமே தளர்வாக. நாலு பைப்பையும் போர்ட்டில் நுழைத்து, காலர் பாதிகள் இருந்தால் அவை சரியாக உட்கார்ந்தனவா என்று பார்த்து, எட்டு நட்டையும் விரலால் மட்டும். பிறகு கலெக்டர் (நாலு பைப்பும் ஒன்றாகும் இடம்), பிறகு சைலன்சர், பிறகு சைலன்சரை ஃப்ரேமில் தாங்கும் ஹேங்கரின் போல்ட். எதையும் இன்னும் இறுக்கவில்லை. இந்த நிலையில் முழுச் செட்டையும் கையால் ஆட்டினால் எல்லா இணைப்பும் கொஞ்சம் அசைய வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் ஓட்டை சேர்கிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். அந்த இழுப்போடு இறுக்கினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் வெல்டு ஓரத்தில் விரிசல் விழும்.

பிறகு ஹெட் நட்டுகள். நடு சிலிண்டர்கள் 2, 3 முதலில், பின்பு 1, 4. ஒவ்வொரு ஃப்ளேஞ்சிலும் இரண்டு நட்டையும் மாறிமாறி, 5, 10 என்று ஏறி இறுதி அளவுக்கு. உங்கள் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி. இந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் எம்8 நட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும். மரையில் ஆண்டி-சீஸ் தடவியிருந்தால் கால் பங்கு குறையுங்கள், வழுக்கும் மரையில் அதே டார்க் அதிக இழுப்பைத் தரும். ஃப்ளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு ஸ்டட் பக்கமும் காலிப்பரால் அளந்து பாருங்கள். அரை மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தளர்த்தித் திரும்பத் தொடங்குங்கள்.

அதன்பின் கலெக்டர் கிளாம்ப். ஹேங்கர் கடைசி.

ஸ்கார்பரோ_எஃப்ஜே
ஹேங்கரில் இந்த வண்டிக்கே உரிய ஒரு விஷயம். 1991 முதல் எஃப்ஜே1200இன் என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்தையதில் நேராக ஃப்ரேமில். உங்களுடையது 1992. அப்படியென்றால் ஹெட்டோடு பிணைந்த பெண்ட் பைப் என்ஜினோடு சேர்ந்து ஆடும், சைலன்சர் ஹேங்கர் ஃப்ரேமில் நிற்கும். நடுவில் அந்த ஆட்டத்தை எங்கோ வாங்கிக்கொள்ள வேண்டும். ஹேங்கரில் ரப்பர் புஷ்ஷும் அதற்குள் ஸ்டீல் காலரும் கட்டாயம். காலர் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும். சந்தையில் வரும் செட்டுகள் பழைய, புது மாடல் இரண்டுக்கும் ஒரே ஹேங்கர் பட்டையோடு வரலாம். ரப்பர் இல்லாமல் வந்தால் நீங்களே போடுங்கள்.

சாலைப் பயண வண்டி என்பதால் இன்னும் இரண்டு. வலது பக்கச் சாமான் பெட்டியை மாட்டி, சைலன்சருக்கும் அந்தப் பெட்டியின் அடிக்கும் எவ்வளவு இடம் என்று பாருங்கள். காலிப் பெட்டியோடு பார்த்தால் போதாது, பாரம் ஏற்றினால் பிராக்கெட் இறங்கும். குறைந்தது 40 மிமீயாவது இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு வெப்பத் தகடு வையுங்கள். பின் பிரேக் ஹோஸ் எங்கும் பைப்பைத் தொடக்கூடாது. சம்ப் டிரெய்ன் போல்ட்டும் ஆயில் ஃபில்டரும் புது பைப் இருக்கும்போதே கழன்று வருமா என்பதைப் பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள்.

ஈலிங்_ரைடர்
பெண்ட் பைப்புக்கு வெப்பத்துணி சுத்துறது நல்லதோ? கால் சூடு குறையும் எண்டு சிலர் சொல்லுகினம்.

லெஸ்டர்_பட்டறை
இங்கிலாந்து மழைக்கு வேண்டாம். துணி தண்ணீரையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு பைப்போடு ஒட்டிக் கிடக்கும். பழைய மைல்ட் ஸ்டீல் பைப் அதற்குள்ளேயே மக்கிவிடும். ஸ்டெயின்லஸிலும் உப்புக் குழிகள் விழும். ஃபேரிங்குக்குள் சூடு தேங்குகிறது என்றால் ஃபேரிங்கின் உட்புறம் அலுமினிய வெப்பத் தாள் ஒட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பைப் முழுவதையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து பழுப்புத் தழும்பாக நின்றுவிடும், பாலிஷ் போட்டாலும் லேசில் போகாது.

கார்ப்_கணக்கு
கார்ப் பக்கம் நான் சொல்கிறேன். இதில் அவசரப்பட்டு ஜெட் (கார்ப்பில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) கிட் வாங்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். புது செட்டில் சத்தத்தை அடக்கும் பாஃபிள் உள்ளே இருந்து, ஏர் பாக்ஸும் ஒரிஜினல் ஃபில்டரும் தொடப்படாமல் இருந்தால் பெரும்பாலும் சின்னத் திருத்தமே போதும்.

முதலில் கசிவு சோதனை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு ஈரத்துணியைச் சைலன்சர் வாயில் சில நொடி அழுத்துங்கள். இணைப்பு எல்லாம் இறுக்கமாக இருந்தால் என்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். எங்காவது சீறல் கேட்டால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன்? த்ராட்டிலை மூடி இறங்கும்போது பட்பட்டென்று வெடித்தால் எல்லோரும் "லீன் ஆகிவிட்டது, பெட்ரோல் குறைந்துவிட்டது" என்று ஜெட்டை மாற்றப் போய்விடுகிறார்கள். இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாத பெட்ரோல் பைப்புக்குள் வெடித்து அதே சத்தம்தான் வரும். கசிவை வைத்துக்கொண்டு ஜெட் மாற்றினால் எந்த முடிவும் சரியாக இருக்காது.

கசிவு இல்லை என்று உறுதியானபின் வண்டியை ஓட்டிப் பாருங்கள். எஃப்ஜேயில் நாலு மிக்குனி பிஎஸ்36 சிவி கார்ப். த்ராட்டில் எந்த நிலையில் குறை தெரிகிறதோ அதற்குரிய பாகத்தை மட்டும் தொடுங்கள்:

ஐடிலிலும் கால் த்ராட்டிலுக்குக் கீழும் தள்ளாட்டம் என்றால் பைலட் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூ. இந்த கார்ப்பில் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இப்போதுள்ள நிலையை உள்ளே மென்மையாக முட்டும்வரை எண்ணிக் குறித்துக்கொண்டு, நாலையும் ஒரே அளவில் கால் கால் சுற்றாக வெளியே எடுங்கள். அழுத்தி முட்டினால் ஸ்க்ரூவின் ஊசிமுனை உள்ளேயே முறிந்துவிடும்.

சீரான வேகத்தில் 3,000, 4,000 ஆர்பிஎம்மில் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஓடினால் நீடில். ஒவ்வொரு நீடில் கிளிப்புக்கும் கீழே 0.5 மிமீ தடிப்புள்ள எம்3 வாஷர் ஒன்று. நாலுக்கும் ஒரே தடிப்பு என்பதை மைக்ரோமீட்டரில் பாருங்கள், கடையில் வாங்கும் வாஷர் எல்லாம் ஒரே தடிப்பாக இருக்காது. சிவி டயஃப்ரம் ரப்பரின் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்காராமல் மூடியை இறுக்கினால் அந்த சிலிண்டர் மேலே இழுக்கவே செய்யாது.

முழு த்ராட்டிலில் மட்டும் மேல் ஆர்பிஎம்மில் சோர்ந்தால் மெயின் ஜெட், ஒரு படி, அதாவது 2.5 கூட்டலாம். மெயின் ஜெட்டைக் கடைசியில் தொடுங்கள். சாலைப் பயணத்தில் அந்த நிலையில் ஓடும் நேரம் மிகக் குறைவு.

எல்லாம் முடிந்தபின் வாக்யூம் கேஜ் நாலையும் மாட்டி ஒத்திசைவு: 1-2, 3-4, பிறகு நடு ஸ்க்ரூவில் இரண்டு ஜோடியும். வால்வு இடைவெளி சரியில்லாமல் இதைச் செய்வது வீண்.

ஈலிங்_ரைடர்
கலவையைத் துல்லியமாப் பார்க்க லாம்ப்டா சென்சர் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கிறது) வைக்க ஒரு நட் வெல்டு பண்ணலாமோ? எங்க வைக்கிறது?

கார்ப்_கணக்கு
செய்யலாம், செட் மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். எம்18, 1.5 பிட்ச் ஸ்டெயின்லஸ் பங் (பைப்பில் வெல்டு செய்யும் மரை வளையம்). நாலும் சேர்ந்தபின் வரும் ஒற்றைப் பைப்பில், சைலன்சருக்கு நன்றாக முன்னால். சென்சரின் கம்பிப் பக்கம் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி உயர்ந்து, முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் குளிர் ஸ்டார்ட்டில் பைப்பில் ஓடும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டு வெடித்துவிடும். அளந்து முடித்ததும் சென்சரைக் கழட்டி ஒரு பிளக் போட்டுவிடலாம். ஒற்றைப் பைப்பில் பார்ப்பது நாலின் சராசரி மட்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு சிலிண்டர் ரிச் (பெட்ரோல் கூடுதல்), இன்னொன்று லீன் என்றால் கேஜ் சரியாகவே காட்டும். ஸ்பார்க் பிளக் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்பதை விட்டுவிட முடியாது.

பெண்ட்பைப்
சட்டப் பக்கம் சுருக்கமாக. சைலன்சர் உடம்பில் சாலையில் பயன்படுத்தக்கூடாது என்று அச்சிட்டிருந்தால் எம்ஓடியில் (இங்கிலாந்தின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை) ஃபெயில், சத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. ஈ குறியோ பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் முத்திரையோ உள்ளதை வாங்குங்கள். கழட்டக்கூடிய பாஃபிளை ரிவெட் அடித்துவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஈலிங்_ரைடர்
எல்லோருக்கும் பெரிய நன்றி. கடைசியா ஒண்டு: இடது சைலன்சர் இனி இல்லை. சென்டர் ஸ்டாண்ட் மடங்கி வந்து எங்க நிக்கும்?

ஸ்கார்பரோ_எஃப்ஜே
பழையதைக் கழட்டுவதற்கு முன்பே ஸ்டாண்டை மடக்கி, எதில் தட்டி நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். சைலன்சரிலோ பெட்டியிலோ உள்ள ரப்பரில் தட்டி நின்றால், புது செட்டில் அந்த இடம் இருக்காது. அப்போது ஸ்டாண்ட் மேலே ஏறிச் செயினையோ ஸ்விங் ஆர்மையோ தொடும். சில செட்டுகளில் கலெக்டரிலேயே ஒரு சின்னத் தகடு வெல்டு செய்து வரும். இல்லையென்றால் 5 மிமீ பட்டையில் ஒரு எல் பிராக்கெட் செய்து ஸ்டாண்டின் பிவட் பக்கம் ஃப்ரேமிலுள்ள போல்ட்டில் பிடித்து, நுனியில் தடித்த ரப்பர் வையுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்விங் ஆர்ம் முழுக்க இறங்கிய நிலையிலும், ஆள் உட்கார்ந்து அழுத்திய நிலையிலும் செயினுக்கும் ஸ்டாண்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிலையிலும் 15 மிமீ இருந்தால் போதும்.

பெண்ட்பைப்
முதல் 100 கிலோமீட்டர் ஓடி, இரவு முழுக்க ஆறியபின் எட்டு நட்டையும் அதே வரிசையில் திரும்ப டார்க் பாருங்கள். கேஸ்கெட் நசுங்கியிருக்கும், எல்லா நட்டும் கொஞ்சம் திரும்பும். 500இல் இன்னொரு முறை. சைலன்சர் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தண்ணீர் வடியவென்று வைத்தது. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள்.